பரிணாமப் பாடத்தை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால், பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்குப் பரிணாமப் பாடம் தேவையா என்று கேட்பது போல இருக்கிறது. 'இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்? நம்பிக்கையோடு மோதல்தான் மிச்சம். அந்த நேரத்தில் சுற்றுச்சூழல் பாடத்தைக் கூடுதலாக வைத்தால் ஊருக்காவது உபயோகமாக இருக்குமே' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சங்கதிக்கும் இன்றைய பள்ளிக்கும், சமூகத்துக்கும், நாளைய நிலத்துக்கும் நீருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் உங்கள் சந்தேகம். அது வெறும் பழங்கதையாக இருந்தால், பாடத்தை எடுத்துவிடலாம் என்ற உங்கள் வாதத்தை நானே வழிமொழிவேன்.

பூச்சியியலில் முதுகலை முடித்து, சில ஆண்டுகள் பருத்திப் பூச்சிகளோடு வயலில் கழித்து, பிறகு இருபத்தாறு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தியவன் நான். மருத்துவன் அல்ல. பாடத்திட்டம் வகுக்கும் குழு எதிலும் இருந்ததில்லை. ஆகவே பூச்சியைப் பற்றியும் வகுப்பறையைப் பற்றியும் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். மருந்தைப் பற்றிச் சொல்வது பாடம் நடத்துவதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டது, அவ்வளவே.

முதல் பத்து ஆண்டுகள் இந்தப் பாடத்தை மோசமாகத்தான் நடத்தினேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, லாமார்க் (வாழ்நாளில் பழகிப் பெற்றது பிள்ளைகளுக்கும் இறங்கும் என்றவர்), டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல், அவர் புத்தகம் வந்த 1859. அத்தோடு மணி அடித்துவிடும். பிள்ளைகளும் குறை வைக்காமல் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். ஒருநாள் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில், 'மருந்தடித்தும் கொசு ஏன் சாகமாட்டேன் என்கிறது?' என்று கேட்டேன். அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியிருந்த பெண் எழுந்து, 'பழகிவிட்டது சார்' என்றாள். வகுப்பே தலையாட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லாமார்க் தவறு, டார்வின் சரி என்று அழகாக எழுதிய அதே கை, வீட்டுக் கொசு என்றதும் லாமார்க்கிடமே போய்ச் சேர்ந்திருந்தது.

எந்தக் கொசுவும் பழகவில்லை. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே, 1946, 1947 வாக்கில், ஐரோப்பாவில் சில இடங்களில் வீட்டு ஈக்கள் அந்த மருந்துக்குச் சாகாமல் பறந்துகொண்டிருந்தன. அந்த ஈக்கள் மருந்தைக் குடித்துத் தேறியவை அல்ல. மருந்து வருவதற்கு முன்பே, லட்சத்தில் சில ஈக்களுக்கு, அந்த நஞ்சை உடைக்கக்கூடிய அல்லது அது ஒட்டிக்கொள்ள முடியாதபடி செய்யும் ஒரு சிறு மரபு வேறுபாடு தற்செயலாக இருந்தது. மருந்து வந்தபோது மற்றவை செத்தன, இவை மிஞ்சின. மிஞ்சியவற்றின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. தனி ஈ ஒன்றும் மாறவில்லை, ஈக்களின் கூட்டம் மாறிவிட்டது. பரிணாமப் பாடத்தில் கற்க வேண்டியது இந்த ஒரு விஷயம்தான் என்று இப்போது நான் நினைக்கிறேன். டார்வின் பிறந்த ஆண்டு தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. 'மாறியது எது' என்று கேட்கும் இடத்தில் 'மிஞ்சியது எது' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இது ஏன் பிள்ளைகளுக்கு எளிதில் ஏறுவதில்லை என்பதற்கு மூளையின் இயல்பைக் காரணம் காட்டுவார்கள். எதையும் ஒரு நோக்கத்தோடு நடப்பதாகப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். இது உலகெங்கும் குழந்தைகளிடம் ஆராயப்பட்டிருக்கிறது. நமக்கு அதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். 'வளர்ச்சி' என்ற சொல் நுழைந்த உடனேயே அது மேல்நோக்கிப் போகும் ஏணியாகிவிடுகிறது. 'இயற்கைத் தேர்வு' என்றால் பிள்ளையின் மனத்தில் இயற்கை ஒரு வினாத்தாளோடு உட்கார்ந்திருக்கிறது. 'டார்வின் கொள்கை' என்றால் ஏதோ கட்சிக் கொள்கை போல, ஏற்கலாம் விடலாம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், 'தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்ற தொடர். அந்தக் 'கொண்டது' இருக்கிறதே, அது விலங்கின் கையில் ஓர் எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. கொரோனா காலத்தில் 'உருமாறிய வைரஸ்' என்று தினமும் படித்தோம். ஏதோ மாரீசன் மானாக மாறியது போல. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. எனக்கு அந்தச் சொல்லின் மீது ஒரு தனிப் பிரியம் உண்டு, 'வளர்ச்சி' அதில் இல்லை என்பதற்காகவே. சொல்லை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் அந்தக் 'கொண்டது'வைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது.

கொசுக் கேள்விக்குப் பிறகு நான் பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்குவதை நிறுத்தினேன். பூப்போட்ட ஒரு துணியை மேசைமேல் விரித்து, ஐந்து நிறங்களில் நூறு காகிதத் துண்டுகளைத் தூவுவேன். பிள்ளைகள் 'பறவைகள்', கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும், நூறில் இருபத்தைந்து மட்டும் மிஞ்சும்வரை. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று 'பிள்ளைகள்' சேர்த்து மறுபடியும் நூறாக்குவோம். நான்காவது சுற்றில் துணிமேல் காகிதமே இல்லாதது போலத் தெரியும். 'எந்தத் துண்டாவது நிறம் மாறியதா?' என்று கேட்பேன். ஒன்றும் மாறவில்லை. 'எந்தத் துண்டுக்காவது ஒளிந்துகொள்ளும் ஆசை இருந்ததா?' சிரிப்பார்கள். துணியை மாற்றிப்போட்டு மறுபடி தொடங்கினால், போன ஆட்டத்தில் 'சிறந்த' நிறம் முதல் சுற்றிலேயே காலியாகும். சிறந்தது என்று ஒன்று தனியாக இல்லை, இந்தத் துணிக்கு இது என்பதுதான் உண்டு என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். நாற்பது நிமிடம், ஒரு துணி, கொஞ்சம் காகிதம். 'வலியது வாழும்' என்ற தவறான சுருக்கம் அங்கேயே விழுந்துவிடும்.

இனி பயன் என்ன என்று பார்க்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தைப் பயன்படுத்தினால் அதற்கு அடங்காத கிருமிகள் உருவாகிவிடும் என்று எச்சரித்தார். மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர் சோதிடம் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் அது நடப்பதைப் பார்த்திருந்தார். 2019-இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மதிப்பீடுதான், தலை எண்ணிச் சொன்னதல்ல. ஆனாலும் அதன் பரிமாணம் விளங்கும்.

காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் மூன்று நான்கு மருந்துகள் கொடுக்கிறார்கள் என்று நோயாளிகளில் பலருக்கும் தெரியாது. ஐசோனியாசிட் என்ற மருந்துக்கு அடங்காத கிருமி தற்செயலாகப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழிவிழுந்த நோயாளியின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், அதற்கு அடங்காத சில கிருமிகள் ஏற்கெனவே உள்ளே காத்திருக்கின்றன. இரண்டுக்கும் அடங்காத கிருமி இருக்க வாய்ப்பு எவ்வளவு? இரண்டையும் பெருக்குங்கள்: கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஓர் உடலில் இருக்காது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்து, 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், முதலில் நன்றாகத் தேறியவர்களில் பலரிடம் அடங்காத கிருமி தலைதூக்கியதைக் கண்ட பிறகுதான் கூட்டு மருந்து முறை வந்தது. எச்.ஐ.வி.க்கு 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும் இதே கணக்குத்தான். எனவே, உங்கள் வார்த்தையிலேயே சொன்னால், இது பழங்கதை அல்ல; மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் கணக்கு.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 'ஆன்டிபயாடிக்கை முழுக்க முடிக்காவிட்டால் கிருமி மருந்தை எதிர்க்கத் தொடங்கிவிடும்' என்று பல ஆண்டுகள் வகுப்பில் ஓதியிருக்கிறேன். காசநோய்க்கு அது பொருந்தும். எல்லாத் தொற்றுக்கும் பொருந்துமா என்பது சந்தேகத்துக்கு உரியது. 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் தொற்றுநோய் வல்லுநர்கள் இந்த அறிவுரைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். யோசித்துப் பார்த்தால், காரணம் பரிணாமப் பாடத்திலேயே இருக்கிறது: நீண்ட நாள் மருந்து சாப்பிட்டால், நோய்க்குக் காரணமான கிருமியோடு, நம் குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் அதே சல்லடையில் சலிக்கப்படுகின்றன. பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் நானே அந்த வாசகத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும். (அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவரின் வேலை.)

என் சொந்தத் துறைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பி.டி. பருத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே தயாரிக்கும் செடி. 1996-இல் அமெரிக்காவில் அது வயலுக்கு வந்தபோதே ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது: வயலின் ஒரு பகுதியில் நஞ்சில்லாத சாதாரணப் பருத்தியையும் விதைக்க வேண்டும். புழுவுக்கு என்றே ஒரு புகலிடம். விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள்: காசு கொடுத்து வாங்கிய நல்ல விதைக்குப் பக்கத்தில், புழு தின்பதற்கென்று வேண்டுமென்றே நான்கு வரிசை விதைப்பதா? பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் தர்க்கம் இதுதான். நஞ்சுக்கு அடங்காத புழு மிக அரிது. பெரும்பாலும் அந்தக் குணம், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். நஞ்சுள்ள வயலில் மிஞ்சிய ஒன்றிரண்டு அந்துப்பூச்சிகளுக்கு, அவற்றைப் போலவே மிஞ்சியவை மட்டும்தான் இணையாகக் கிடைக்கும் என்றால், பிள்ளைகள் எல்லாம் அடங்காப்பிள்ளைகளே. பக்கத்துப் புகலிடத்திலிருந்து ஆயிரக்கணக்கான சாதாரணப் பூச்சிகள் பறந்து வந்து இணைசேர்ந்தால், பிள்ளைகள் அந்தக் குணத்துக்கான மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பெற்று, நஞ்சுக்குச் சாகும். அதாவது, நாம் வளர்க்கும் அந்தப் புழுக்கள்தான் நம் பயிரைக் காப்பாற்றுகின்றன.

அரிசோனாவில் இந்த ஏற்பாடு கடைப்பிடிக்கப்பட்டது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அங்கே பத்தாண்டுகளுக்கு மேலும் நஞ்சுக்குச் செத்துக்கொண்டேதான் இருந்தது. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. இங்கும் விதைப் பையோடு சாதாரணப் பருத்தி விதை தனிப் பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோர் அதை விதைக்கவில்லை. 2010-க்குள்ளேயே முதல் தலைமுறை பி.டி.க்கு அடங்காத இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் உறுதிசெய்யப்பட்டது. இரண்டு நஞ்சுகள் சேர்த்த விதையும் அடுத்த சில ஆண்டுகளில் அதே கதிக்கு ஆளானது. புகலிடம் விதைக்காதது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. சிறு நிலம், நீண்ட நாள் வயலில் நிற்கும் கலப்பின ரகங்கள், இரண்டும் இதில் பங்கு பெற்றன. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்று சொல்வதற்கு, வெறும் பாடம் போதாது, கையில் இழப்பீடும் வேண்டும். ஆனாலும் அந்தப் பொட்டலம் எதற்கு என்று விதை விற்பவருக்கே தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரியாத விதியை யாரும் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை. அந்தக் காரணத்தை ஒரு மனிதருக்கு விளக்க, முதலில் அவருக்கு 'பழகிவிட்டது' தவறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன சுற்றுச்சூழல் பாடம் நல்லதுதான். ஆனால் பரிணாமத்தை எடுத்துவிட்டு அதை வைத்தால், மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்ற அளவோடு அது நின்றுவிடும். ஓர் உதாரணம்: சின்ன மீனை விட்டுவிடு, பெரியதை மட்டும் பிடி என்பது உலகெங்கும் உள்ள மீன்பிடி விதி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெரிய மீனை மட்டும் அள்ளினால் மிஞ்சுவது எது? சீக்கிரமே, சிறிய உடம்பிலேயே முட்டையிடும் மீன். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன்பிடிப்பு 1992-இல் மூடப்பட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். அந்த வீழ்ச்சிக்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மீன்கள் முன்பைவிட இளம் வயதிலும் சிறிய அளவிலும் பருவமடைந்துவந்தது தெரிந்தது. தடைக்குப் பிறகும் அந்த மீன்வளம் மெதுவாகவே தேறியதற்கு இந்த மரபு மாற்றம் எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. நீர் குளிர்ந்தது, இரை குறைந்தது என்ற வாதங்களும் உண்டு. மொசாம்பிக்கின் கொரோங்கோசாவில் நடந்தது இன்னும் தெளிவானது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் யானைகள் தந்தத்துக்காக வேட்டையாடப்பட்டு, பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. போருக்குப் பின் பாதிக்கும் மேல். தந்தம் வேண்டாம் என்று எந்த யானையும் முடிவெடுக்கவில்லை. நாம்தான் துணிமேல் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

மறுபக்கமும் உண்டு. வேறுபாடு இல்லாத கூட்டத்தில் மிஞ்சுவதற்கு ஆளே இருக்காது. 1970-இல் அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழி மரபைக் கொண்ட கலப்பினமாக இருந்தது. அதற்கென்றே அமைந்தது போல ஒரு பூஞ்சை வந்து, ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டைக் கொண்டுபோயிற்று. பல ரகங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதைப் பழமையின் மீதுள்ள பாசமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வேறுபாடு என்பது இன்னும் கேட்கப்படாத கேள்விக்கு இப்போதே வைத்திருக்கும் விடை.

சமூகத்துக்கு வருகிறேன். இங்கே கவனமாக நடக்க வேண்டும், ஏனென்றால் பரிணாமம் கற்றவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் வரலாறு சிரிக்கும். 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மனிதப் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. அறிவியலுக்காக நின்றவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அந்த வழக்கில் அடிபட்ட பாடநூலைத் திறந்தால், மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்திருக்கிறது. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்றும் பேசுகிறது. அந்த எண்ணத்தின் பேரில் அந்த நாட்டில் 60,000-க்கும் மேற்பட்டோர் கட்டாயமாகக் கருத்தடை செய்யப்பட்டார்கள். அதைத் திருத்தியதில் மக்களின் மனசாட்சிக்கும் பங்கு உண்டு, பின்னால் வந்த மரபியலுக்கும் பங்கு உண்டு. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபோது, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருப்பது தெரிந்தது. அரைகுறையாகக் கற்பித்த பரிணாமம் ஆபத்தானது என்பதற்கும், முழுதாகக் கற்பிக்க வேண்டும் என்பதற்கும் இந்த ஒரே கதையை நான் வகுப்பில் சொல்வதுண்டு.

'பழகிவிட்டது' என்பதே ஓர் அரசின் கொள்கையானால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தில் டிரோஃபிம் லைசென்கோ என்ற வேளாணியலாளர், செடிகளைக் குளிரில் பழக்கினால் அந்தப் பழக்கம் விதைக்கும் இறங்கும் என்றார். மரபியல் முதலாளித்துவப் பொய் என்று சொல்லப்பட்டு, 1948-இல் அதிகாரப்பூர்வமாகவே ஒதுக்கப்பட்டது. உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த நிக்கோலாய் வாவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சரடோவ் சிறையில் இறந்தார். செடிகள் கட்சித் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை.

நம்பிக்கையோடு மோதல் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நான் வகுப்பில் சொல்வது இதுதான்: நம்ப வேண்டாம், புரிந்துகொள்ளுங்கள், புரிந்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் பாடு. பரிணாமவியலைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி கடவுள் நம்பிக்கை உள்ளவர். 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானத்தைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் இந்தச் சமரசம் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். சில பிள்ளைகளுக்கு அது உள்ளே வலிக்கும், அதைக் கேலிசெய்யும் ஆசிரியர் பாடத்தையும் கெடுத்துவிடுவார். ஆனால் 'வெறும் கொள்கைதானே' என்ற வாதத்தை மட்டும் நான் விடுவதில்லை. மீனுக்கும் நான்குகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் இருந்திருந்தால் அது சுமார் 37.5 கோடி ஆண்டுப் பாறையில் கிடைக்க வேண்டும் என்று கணித்து, அந்த வயதுள்ள பாறையைத் தேடிக் கனடாவின் வடகோடித் தீவு ஒன்றுக்குப் போய், பல பயணங்களுக்குப் பிறகு 2004-இல் டிக்டாலிக் என்ற அந்த இடைப்பட்ட உயிரின் புதைபடிவத்தைத் தோண்டியெடுத்தார்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒன்றை 'வெறும்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பரிணாமத்தைப் புரிந்துகொள்வதற்கும் அதை ஏற்பதற்கும் தொடர்பு உண்டா என்றால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பலமாக, சிலவற்றில் மிகப் பலவீனமாக. இந்தப் பாடம் படித்த சமூகம் ஆற்றையும் காட்டையும் நன்றாகக் காக்கிறது என்று நிரூபிப்பது இன்னும் கடினம். ஆகவே இந்தப் பாடம் உலகைக் காப்பாற்றும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். தவறான முடிவு எடுக்கப்படும்போது அதைத் தவறு என்று அடையாளம் காணும் ஆட்கள் நான்கு பேராவது இருப்பார்கள், அவ்வளவுதான் என் கணிப்பு. இங்கிலாந்தில் 2014 முதல் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கே இதைத் தொடங்குகிறார்கள். துருக்கி 2017-இல் பள்ளிப் பாடத்திலிருந்து எடுக்க முடிவு செய்தது. இந்தியாவில் 2023-இல் தேசியப் பாடநூலின் பத்தாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். மருத்துவராகப் போகிறவர் அங்கே படித்துக்கொள்வார், உண்மை. மாத்திரை சாப்பிடப் போகிறவரும், விதை வாங்கப் போகிறவரும், மீன் பிடிக்கப் போகிறவரும், இவர்களுக்காகச் சட்டம் எழுதப் போகிறவரும் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடுகிறவர்கள்.

கடைசியாக, உங்கள் மகள் கேட்ட கேள்வி: 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?' அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரே பாட்டனுக்குப் பிறந்த இரண்டு கிளைகளில் ஒன்று நீ, மற்றொன்று உன் பெரியப்பா பிள்ளைகள். நீ பிறந்துவிட்டாய் என்பதற்காக அவர்கள் ஏன் மறைய வேண்டும்? சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. கொரோனாவிலும் இதையே காட்டலாம்: ஒமிக்ரான் டெல்டாவிலிருந்து வந்ததல்ல, இரண்டும் தனித்தனிக் கிளைகள். அடுத்ததாக, 'அப்படியானால் அந்தப் பாட்டன் யார்?' என்று அவள் கேட்பாள். நல்ல பிள்ளைகள் கேட்டே தீருவார்கள். சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. இதுதான் அது என்று கைகாட்டும்படியான எலும்பு இதுவரை அடையாளம் காணப்படவில்லை. அதை அப்படியே அவளிடம் சொல்லிவிடுங்கள்.